பதினெட்டு வயதில் சாத்தப்படும் கதவு

கை கால்களின் அசைவில் குறையுள்ள குழந்தை ஒன்று பிறந்துவிட்டால், அந்த இல்லத்தில் முதலில் எழும் கேள்வி ‘இவன் எப்போது நடப்பான்?’ என்பதுதான். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடித் தாயும் தந்தையும் ஊர் ஊராக அலைகின்றனர். மருத்துவமனைகள், எண்ணெய் வைத்தியம், இயன்முறைப் பயிற்சி எனப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. நகைகள் விற்கப்படுகின்றன, வெளிநாட்டுச் சம்பளம் கரைகிறது. பிறகு ஒருநாள் அலைச்சல் ஓய்கிறது. பிள்ளைக்கு மீசை அரும்பிவிட்டது. தூக்கிச் செல்ல முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டான். அன்று முதல் வீட்டின் ஓர் அறையே அவனுக்கு உலகமாகிவிடுகிறது.

‘எப்போது நடப்பான்?’ என்று ஆயிரம் முறை கேட்ட நாம், ‘இவனுக்கு நண்பர்கள் யார்? இவன் பகற்பொழுதை எப்படிக் கழிக்கிறான்? இவன் எதை விரும்புகிறான்?’ என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? மூளை முடக்குவாதம் கொண்ட இளைஞர்கள், இளம்பெண்கள் ஆகியோரின் வாழ்வு இந்தக் கேள்விகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

நோயல்ல, ஒரு நிலை

மூளை முடக்குவாதம் என்றும் பெருமூளை வாதம் என்றும் இதனைக் கூறுவர். கருவில் இருக்கும்போதோ, பிறப்பின்போதோ, பிறந்த சில காலத்திற்குள்ளோ வளரும் மூளையில் ஏற்படும் சேதத்தால் உடலின் அசைவும் நிலையும் பாதிக்கப்படுவதே இது. குறைப்பிரசவம், மூச்சுத்திணறல், கருவுற்ற தாய்க்கு ஏற்படும் தொற்று, உரிய காலத்தில் கவனிக்கப்படாத கடும் மஞ்சள் காமாலை எனக் காரணங்கள் பல. இன்ன காரணம் என்று கண்டறிய முடியாமலே போவதும் உண்டு. இது எவருடைய பாவத்தின் விளைவுமல்ல, தாயின் குற்றமுமல்ல, தொற்றிப் பரவுவதுமல்ல. ஆங்கிலேய அறுவை மருத்துவரான வில்லியம் ஜான் லிட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதனை விரிவாக விளக்கியுள்ளார். அதனால் நெடுங்காலம் இது ‘லிட்டில் நோய்’ என்றே அழைக்கப்பட்டு வந்தது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 2 அல்லது 3 பேருக்கு இது ஏற்படுகிறது.

இரண்டு உண்மைகளை இல்லத்தார் மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, மூளையில் ஏற்பட்ட சேதம் மேலும் வளர்வதில்லை. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் வளர்ந்து, வாலிபராகி, நடுத்தர வயதையும் காண்கின்றனர். ஆகவே இதனைக் குழந்தைப் பருவத்துச் சிக்கலாக மட்டும் கருதுவது பெரும் தவறு. இரண்டாவது, அசைவு குன்றியதால் அறிவும் குன்றியிருக்கும் என்று முடிவு கட்டலாகாது. இவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு உள்ளது, மறுபாதியினருக்கு இல்லை. நால்வரில் ஒருவருக்குப் பேச்சு வருவதில்லை. ஆனால் பேச்சு வராத எல்லோருக்கும் புரியாது என்று எண்ணிவிடுகிறோம். முகத்தசைகள் இழுத்துக்கொள்வதையும் வாயிலிருந்து எச்சில் வடிவதையும் பார்த்து, அந்தத் தலைக்குள் ஒன்றுமில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி, அவர் அங்கு இல்லாதவரைப் போலப் பேசுகிறோம். அவரோ அத்தனையையும் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

ஐரோப்பிய ஆய்வு சொல்வது என்ன?

மூளை முடக்குவாதம் கொண்டவர்களின் வாழ்க்கை எத்தகையது என்பதை அவர்களிடமே கேட்டறிய ஐரோப்பாவில் ஒரு பெரும் ஆய்வு நடந்தது. ‘ஸ்பார்க்கிள்’ என்பது அதன் பெயர். ஏழு நாடுகளைச் சேர்ந்த, 8 முதல் 12 வயது வரையிலான 818 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் தாமே பதில் கூற இயன்றவர்கள் 500 பேர். 2007ஆம் ஆண்டில் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. பதில் கூறிய அந்தப் பிள்ளைகள், தம் வயதையொத்த ஏனைய பிள்ளைகளின் அளவுக்கே தம் வாழ்க்கையில் நிறைவு கொண்டிருந்தனர். நடக்க முடியாமை உடல்நலம் சார்ந்த நிறைவைக் குறைத்தது உண்மையே. ஆயினும், மனநிறைவு, தன்னைப் பற்றிய மதிப்பு போன்ற பல துறைகளில் பாதிப்பின் கடுமைக்கும் வாழ்வின் நிறைவுக்கும் தொடர்பே காணப்படவில்லை. எல்லாத் துறைகளிலும் வாழ்வைக் கசப்பாக்கிய ஒன்று வலி.

அதே பிள்ளைகளை 13 முதல் 17 வயதில் ஆய்வாளர்கள் மீண்டும் சந்தித்தனர். அவர்களுள் 431 பேர் தாமே பதில் அளித்தனர். 2015இல் வெளியான அந்த முடிவின்படி, ஏனைய இளையோரைவிட இவர்கள் தெளிவாகப் பின்தங்கியிருந்தது ஒரே ஒரு துறையில்தான். அது ஒத்த வயதினரின் தோழமை. இவர்களுக்குக் குறைவாக இருந்தவர்கள் நண்பர்களே!

மற்றொரு செய்தியும் உண்டு. ஒரே அளவு பாதிப்புள்ள பிள்ளைகளை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, டென்மார்க்கின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்தோர் ஏனைய பகுதியினரைவிட அன்றாட வாழ்விலும் சமூக நிகழ்ச்சிகளிலும் அதிகமாகப் பங்கு கொண்டிருந்தனர். பாதிப்பு ஒன்றாகவே இருந்தும் வாழ்க்கை வேறுபட்டது. அப்படியாயின் வேறுபாடு அவர்களின் கை கால்களில் மட்டும் இல்லை; சுற்றியுள்ள வீட்டிலும் வீதியிலும் மனிதர்களிடமும் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

பதினெட்டு வயதில் நிகழ்வது

நம் நாட்டு நிலையை இதனுடன் பொருத்திப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைந்தது 40 விழுக்காடு பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. குழந்தை மருத்துவரின் கவனிப்பும் ஏறத்தாழ அந்த வயதோடு முடிந்துவிடுகிறது. சிறப்புப் பள்ளியின் வாகனம் வாசலுக்கு வருவது நின்றுவிடுகிறது. பள்ளி இருந்தவரை நாளில் சில மணி நேரமாவது பிறர் முகம் பார்த்தவர், அதன் பின் வீட்டார் முகத்தைத் தவிர வேறொன்றும் காண்பதில்லை.

அதே வயதில் கூடப்பிறந்தவர்கள் கல்லூரிக்குச் செல்கிறார்கள். மச்சான்மார்கள் விசா கிடைத்துத் துபாய்க்கும் சவூதிக்கும் பறக்கிறார்கள். ஒவ்வொருவருக்காக நிக்காஹ் நடக்கிறது. இவர் மட்டும் அதே கட்டிலில், அதே சன்னலருகே, எல்லோரும் சின்ன வயதில் வைத்த அதே செல்லப் பெயருடன் இருக்கிறார். இருபத்தைந்து வயது வாலிபரைப் ‘பாப்பா’ என்றே அழைப்பது நமக்குப் பாசமாகத் தோன்றலாம். தம்மைப் பெரியவராக ஏற்க எவருமில்லை என்பதாகவே அவருக்கு அது கேட்கும்.

உடலும் அந்த வயதில் புதிய தொல்லைகளைத் தருகிறது. மூளையின் சேதம் வளர்வதில்லை என்றாலும், ஆண்டுக்கணக்கில் இழுத்துப் பிடித்த தசைகளால் மூட்டுகளும் முதுகும் தேய்ந்து வலிக்கின்றன. களைப்பு விரைவில் வருகிறது. இவர்களுள் நால்வரில் மூவர் வலியோடு வாழ்கின்றனர் என்கிறது மருத்துவம். ‘இனி என்ன பயிற்சி!’ என்று இயன்முறை மருத்துவத்தை நிறுத்திவிடும் வயதே, அது மிகுதியும் தேவைப்படும் வயதாகும். வலியைச் சொல்லத் தெரியாதவர் எரிந்து விழுவார், உண்ண மறுப்பார். அதனைப் பிடிவாதம் என்று எண்ணாமல், எங்கே வலிக்கிறது என்று தேடிப் பார்ப்பது வீட்டாரின் கடமை.

ஒரு பெட்டி வண்டி உடைந்த கதை

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1932இல் பிறந்தவர் கிறிஸ்டி பிரவுன். ஏழைக் கொத்தனாரின் பெரிய குடும்பம் அது. பிள்ளைக்கு அறிவு வளராது என்று மருத்துவர்கள் கூறியதைத் தாய் ஏற்கவில்லை. ஐந்து வயதளவில், தமக்கையிடமிருந்த சுண்ணக்கட்டியைத் தம் இடக்கால் விரல்களால் கிறிஸ்டி பற்றியபோது, அந்தத் தாய் தரையில் எழுத்தை வரைந்து காட்டிக் கற்பித்தார். பின்னாளில் அவர் ஓவியராகவும் எழுத்தாளராகவும் உயர்ந்தார். 1954இல் வெளிவந்த அவரது தன்வரலாறு உலகப்புகழ் பெற்றது.

தாயின் உறுதியைப் பலரும் சொல்வர். அண்ணன் தம்பிகளின் பங்கை மறந்துவிடுவர். அவர்கள் ஒரு பழைய பெட்டி வண்டியில் கிறிஸ்டியை அமர்த்தி, தாங்கள் விளையாடச் செல்லும் தெருவுக்கெல்லாம் தள்ளிக்கொண்டு போனார்கள். தெருப் பிள்ளைகளுக்கு அவர் கூட்டத்தில் ஒருவர், அவ்வளவே. ஒருநாள் அந்த வண்டி உடைந்தது. வீட்டோடு முடங்கிய பிறகுதான் தாம் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர் என்பதை அந்தச் சிறுவர் முழுமையாக உணர்ந்து வாடினார். அவரது உடல் முன்பிருந்தபடியேதான் இருந்தது. வண்டி இருந்த நாளில் இல்லாத துயரம், வண்டி உடைந்த நாளில் வந்தது.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. 1966இல் பிறந்த மாலினி சிப் என்ற பெண்மணிக்குக் கடுமையான மூளை முடக்குவாதம். மகளுக்கேற்ற பள்ளி இந்தியாவில் இல்லாத நிலையில், அவருடைய தாயார் மித்து அலூர் 1972இல் பம்பாயில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாலினி ஒற்றை விரலால் தட்டச்சு செய்தே இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றார். புத்தகக்கடை ஒன்றில் பணிபுரிந்தார். தம் வரலாற்றை நூலாக எழுதினார். சென்னையில் 1985ஆம் ஆண்டு பூனம் நடராசன் என்ற மற்றொரு தாய் தொடங்கிய சிறு முயற்சிதான், இன்று ‘வித்யா சாகர்’ என்ற பெயரில் நிலைபெற்று நிற்கிறது.

கொல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ் மூளை முடக்குவாதம் கொண்டவர், கற்றவர், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக உழைப்பவர். 2012 பிப்ரவரியில், கோவாவில் நடந்த மாநாட்டுக்குச் செல்ல விமானத்தில் அமர்ந்திருந்தவரை, அவருடைய உடல்நிலையைக் காரணங்காட்டி இறக்கிவிட்டனர். அவர் உச்சநீதிமன்றம் சென்றார். 2016 மே மாதம், அவருக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அந்த விமான நிறுவனத்திற்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அவரை இறக்கிவிட்டவர்கள் அவரிடம் எதையும் கேட்டு அறியவில்லை; பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்தார்கள். நம் வீடுகளில் நாமும் நாள்தோறும் செய்வது இதைத்தானே!

பேச்சுக்குக் காத்திருங்கள்

நட்பின் முதல் வாசல் பேச்சு. இவர்களுள் பலரின் பேச்சு இழுத்து இழுத்து வரும். ஒரு வாக்கியம் முடிய ஒரு நிமிடம் ஆகலாம். அந்த ஒரு நிமிடம் காத்திருக்கப் பொறுமையின்றி, உம்மாவோ தங்கையோ முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுகிறார்கள். விருந்தினரும், ‘தம்பி சாப்பிட்டாரா?’ என்று தம்பியை விட்டுத் தாயிடம் கேட்கிறார்கள். நாளடைவில் அவர் பேசுவதையே விட்டுவிடுகிறார்.

முறை எளிது. அவரிடம் நேராகக் கேளுங்கள். அவர் கண்மட்டத்திற்கு நீங்கள் அமருங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். புரியாவிட்டால் புரிந்தது போலத் தலையசைக்காமல், ‘மறுபடியும் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அதில் அவருக்கு வருத்தம் இராது. பேச்சே வராதவருக்கும் வழி உண்டு. படங்களோ எழுத்துகளோ பொறித்த பலகையை விரலால் தொட்டும், விரலும் பணியாதபோது கண் பார்வையால் சுட்டியும் கருத்தைத் தெரிவிக்கலாம். தொட்ட படத்தைக் குரலாக்கித் தரும் ‘ஆவாஸ்’ என்ற கணினிச் செயலி சென்னையிலேயே உருவானது. கருவி எதுவாயினும், எதிரில் அமர்ந்து கேட்க ஒருவர் வேண்டும்.

பெண் பிள்ளைகளின் நிலை

இளம்பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ‘வயது வந்த பெண், யார் பார்த்துக்கொள்வது?’ என்ற அச்சத்தில் பள்ளி முன்னதாகவே நிறுத்தப்படுகிறது. சகோதரியைப் பெண் பார்க்க வரும் நாளில் இவள் உள்ளறைக்கு அனுப்பப்படுகிறாள். வரன் தட்டிப்போய்விடுமோ என்ற கவலையில், இப்படி ஒரு மகள் இருப்பதையே மறைக்கும் குடும்பங்களும் உண்டு. தன்னால்தான் இந்த வீட்டுக்குத் தலைகுனிவு என்று நம்பியபடி வளரும் பெண்ணின் மனத்தை எந்தப் பயிற்சியால் நிமிர்த்த முடியும்?

அச்சத்திற்குக் காரணமே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதுகாப்பு என்பது பூட்டிய அறையில் இல்லை. தன் உடலைப் பற்றி அறிந்தவளும், ‘வேண்டாம்’ என்று உணர்த்தக் கற்றவளும், நம்பிச் சொல்ல நாலு பேரை உடையவளுமே பாதுகாப்பாக இருக்கிறாள். திருமணத்தைப் பொறுத்தும் முன்கூட்டியே கதவைச் சாத்த வேண்டாம். முன்னர்க் கூறிய ஜீஜா கோஷ் மணம்புரிந்து, பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுத்து வளர்க்கிறார். எல்லோருக்கும் அது வாய்க்கும் என்பதில்லை. எவருக்குமே வாய்க்காது என்று நாமே தீர்மானிக்கவும் கூடாது.

வாசற்படிகள்

சென்னை மெரினா கடற்கரையில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அலைகளுக்கு அருகில் செல்லலாம். அடுத்த மாதமே வந்த புயலில் அது சேதமுற்றது, பின்னர்ச் செப்பனிடப்பட்டது. 2024இல் சென்னை மாநகரில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதே ஆண்டின் மக்களவைத் தேர்தலில், 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புள்ளோர் வீட்டிலிருந்தே வாக்களிக்கவும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. இயலாதவர்க்கு அது நல்ல ஏற்பாடு. இயன்றவரை வாக்குச்சாவடிக்கே அழைத்துச் சென்று, ஊராரோடு ஊராராக வாக்களிக்கச் செய்வது அதனினும் சிறப்பு.

அரசு செய்ய வேண்டியவை இன்னும் எத்தனையோ இருக்கலாம். நம் மஹல்லாவில் நாம் செய்ய வேண்டியவை எவை? பள்ளிவாசலின் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் அமைக்கச் சில மூட்டை சிமெண்டும் இரண்டு நாள் கொத்தனார் கூலியும் போதும். ஒளூச் செய்யும் இடத்தில் ஒரு கைப்பிடியும், சக்கர நாற்காலி நுழையும் கழிவறை ஒன்றும் வேண்டும். சக்கரம் பள்ளிக்குள் வரலாமா என்ற ஐயம் எழுமானால், துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு வரச் செய்யலாம்; அல்லது பள்ளிக்கென்றே ஒரு நாற்காலியை வாங்கி வைக்கலாம். பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பாங்கு சொல்பவராக இருந்ததையும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்ததையும் நாம் நன்கறிவோம். அவரை எவரும் வீட்டில் இருத்தி வைக்கவில்லை.

திருமண மண்டபங்களையும் எண்ணிப் பாருங்கள். அழைப்பிதழில் ‘குடும்பத்துடன் வருக’ என்றிருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் அண்டை வீட்டாரின் காவலில் விடப்படுவார். வலீமா விருந்தில் அவருக்கும் ஓர் இடம் வையுங்கள். பிறர் பார்க்க உண்ணுவதில் அவருக்குக் கூச்சம் இருந்தால், சற்று ஒதுக்குப்புறமாக ஒரு மேசை போடலாம். வரலாமா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

உழைப்பும் உரிமையும்

பிறர் தமக்குச் செய்வதைப் பெற்றுக்கொண்டே இருப்பதில் எவருக்கும் நிறைவு உண்டாவதில்லை. பிறருக்குத் தாம் ஒன்று செய்யும்போதுதான் அது பிறக்கிறது. கடைக் கணக்கைக் கணினியில் ஏற்றுவது, தொலைபேசியில் சரக்குக்கு உத்தரவு பெறுவது, சிறுவர்களுக்குப் பாடம் கேட்பது என ஒவ்வொருவருக்கும் இயன்றது ஒன்று இருக்கும். சிறு தொகையானாலும் அதற்குரிய கூலியை அவர் கையிலேயே கொடுங்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர்கல்வியில் 5 விழுக்காட்டு இடங்களும், அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டு இடங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அந்த நான்கில் ஒரு விழுக்காடு, மூளை முடக்குவாதம் உள்ளிட்ட இயக்கக் குறைபாடு உடையோருக்கு உரியது. தேர்வு எழுத உதவியாளரையும் கூடுதல் நேரத்தையும் கோரலாம். இவற்றுக்கெல்லாம் அடிப்படை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. அதனை இன்னும் பெறாதவர்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை உடனே அணுக வேண்டும்.

சொத்து வைத்திருக்கவும், வாரிசாகப் பெறவும், தம் பணத்தைத் தாமே ஆளவும் இவர்களுக்கு உரிமை உண்டு என்பதை அதே சட்டம் தெளிவாகக் கூறுகிறது. பாகப்பிரிவினையின்போது, ‘அவனுக்கு எதற்கு?’ என்று இவருடைய பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்வதை நாட்டுச் சட்டமும் ஏற்பதில்லை, மார்க்கமும் ஏற்பதில்லை.

‘எங்களுக்குப் பிறகு யார்?’

பெற்றோரின் நெஞ்சில் இரவும் பகலும் நிற்கும் கேள்வி இது. இதற்கெனவே 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. மூளை முடக்குவாதம் கொண்டவர் 18 வயதைக் கடந்த பின், தேவைப்படின் அவருக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிக்குமாறு மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அந்த அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டம், ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீட்டை அளிக்கிறது. தம்மைத் தாமே ஆள வல்லவருக்குக் காப்பாளர் தேவையில்லை என்பதையும் மறக்கலாகாது.

ஆனால் காகிதங்கள் கையொப்பத்தோடு முடிந்துவிடும். பெற்றோர் மறைந்த மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் கதவைத் தட்டப் போகிறவர் யார்? இருபது ஆண்டுகளாக உம்மாவைத் தவிர வேறெவரும் அவருக்குச் சோறூட்டியதில்லை. வேறெவருக்கும் அவர் பேச்சு புரியாது என்றால், அன்று அவர் அனாதையாகிறார். இன்றே அவருக்கு ஐந்தாறு நண்பர்கள் இருந்தால், அவருடைய மொழியைப் புரிந்தவர்கள் வீதியில் இருந்தால், வெள்ளிக்கிழமை வராவிட்டால் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்கப் பள்ளியில் ஆளிருந்தால், அந்தக் கேள்வியின் கனம் பாதி குறையும். ஆகவே தாய்மார்களே, எல்லாவற்றையும் நீங்களே செய்யாதீர்கள். ஊட்டவும், எழுப்பி அமர்த்தவும், பேச்சைப் புரிந்துகொள்ளவும் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். உங்களுக்கும் சற்று ஓய்வு கிடைக்கும்.

வாசக சகோதர சகோதரிகளே, உங்கள் தெருவிலோ உறவிலோ இப்படியொரு இளைஞரோ இளம்பெண்ணோ நிச்சயம் இருப்பார். வருகிற வாரம் ஒருநாள் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். பெற்றோரைப் பார்க்க அல்ல, அவரைப் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லுங்கள். பழம் வாங்கிச் செல்வதோடு, அரைமணி நேரத்தையும் கொண்டு செல்லுங்கள். அவருக்குப் பிடித்த கிரிக்கெட் அணி எது, என்ன படிக்கிறார், எங்கே போக ஆசை என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். உங்கள் வயதையொத்த பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். புறப்படும்போது, ‘அடுத்த வாரம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்’ என்று அவரிடமே அழைப்புச் சொல்லிவிட்டு, அவர் வருவதற்கு ஏற்ப உங்கள் வாசற்படியைச் சரிசெய்து வையுங்கள்.